அமானித மீன்கள்

தேத்தண்ணி வடிகட்டும் வடியில் நெளிந்த நுளம்புப் புழுக்களை, "பிஸ்மி" சொல்லிக் கண்ணாடித் தொட்டிக்குள் தட்டினான் லத்தீப். பத்து மீன்களும் விழுந்தடித்துத் தின்றன.

"மனிசரைக் கடிக்கிற நுளம்பை வளர்த்து மீனுக்குத் தீன் போடுற ஆள், இந்தப் பாலாவி ஊருலயே நீங்க மட்டுந்தான்!" முழங்கையைச் சொறிந்தபடி கத்தினாள் மனைவி ஃபஹ்மியா.

"உசிருள்ள புழுவைத்தானே தின்னுதுகள். நான் என்ன செய்ற?"

அந்த நேரம் பார்த்து, டெங்குப் பரிசோதனைக்கென்று சுகாதார அதிகாரி வந்து நின்றார். வீட்டு வளவைச் சுற்றிப் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. பழைய டயர், சிரட்டை, யோகட் கோப்பை, எல்லாவற்றிலும் தண்ணீர். தண்ணீர் முழுக்கப் புழு.

"வழக்குப் போடுவேன், லத்தீப்! இந்தப் பத்து மீனுக்காக ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்கிறீங்களா?"

லத்தீப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன மாசம் நீங்கதானே சேர் இதுகளைத் தந்தீங்க, 'கிணத்துல உடுங்க, நுளம்புப் புழுவையெல்லாம் தின்னு முடிச்சிடும்' எண்டு? எங்கட கிணத்துல ஒரு புழுவும் இல்லையே! அரசாங்கம் நம்பித் தந்த அமானிதம், பட்டினியில மவுத்தாகினா நான் என்ன பதில் சொல்ற?"