சொந்தக் கையால்

"ஒரு நட்டைக்கூட அடுத்தவங்க கை தொட்டதில்லை. எல்லாம் என் சொந்தக் கை," என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் பல் டாக்டர்.

பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் கண்காட்சி. சொந்தக் கையால் புதுப்பித்த வண்டிக்குக் கோப்பை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி, தன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் டாக்டரின் தங்கை. "எங்க அண்ணன் சின்ன வயசுலேயே வீட்டுக் கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுடுவான், தெரியுமா அண்ணி?"

"தெரியும். திரும்ப மாட்டினதா யாரும் சொல்லலையே."

டாக்டர் அந்த வண்டியை ஓட்டை உடைசலாக வாங்கிவந்தார். முதலில் டேங்குக்குப் பாலிஷ் போட்டார். பிறகு மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அதோடு ஆசை தீர்ந்தது. பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வண்டி, துணி காயப்போடப் போகும்போதெல்லாம் மனைவியின் முழங்காலைப் பதம் பார்த்தது.

ஓட வைத்தால்தான் இந்தச் சனியன் நகரும் என்று அவள் கையேட்டைப் புரட்டினாள். புரட்டப் புரட்டப் பிடித்துப்போனது. முழு இன்ஜினையும் பிரித்துக் கோத்தாள். அது முதன்முதலாகச் சீராக உறுமிய அன்று டாக்டர் ஓடிவந்து, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"சரி டாக்டர், ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் சங்கத் தலைவர். அவர்தான் நடுவரும்.

டாக்டர் கிக்கரை மிதித்தார். டப்பென்று வெடித்தது. கிக்கர் திரும்பி எகிறி அவர் காலைப் பலமாக உதைத்தது. மறுபடி மிதித்தார். மறுபடி உதை. கூட்டத்தில் சிரிப்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்று சங்கத்து ஆள் படம் எடுக்க வந்தபோது, வேலை செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று இவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றார். நின்றதோடு விட்டாரா? படத்துக்காகக் கழற்றி வைத்திருந்த மூடிக்குள் எதையோ திருகியும் வைத்திருக்கிறார்.

"இக்னிஷன் டைமிங் போயிருக்கு," என்றார் தலைவர். "பிஸ்டன் மேலே வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பொறி அடிக்குது. அதான் உதைக்குது. நீங்களே பண்ண வண்டிதானே, சரி பண்ணுங்க. நாங்க இருக்கோம்."

டாக்டர் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். வைத்தார். வேறொன்றை எடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவருடைய கிளினிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்கள் அவரைப் பார்க்கிற அதே பார்வை.

பட்டால்தான் புத்தி வரும், கிடக்கட்டும் என்றது அவள் மனசு. ஆனால் தான் கோத்த இன்ஜின் அல்லவா ஊர் சிரிக்க நிற்கிறது. எழுந்தாள்.

"டார்ச் பிடிக்கிறேங்க," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குனிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்து மூடியைக் கழட்டுங்க. அது இல்லைங்க, அது செயின் மூடி."

"இதுவா?"

"அதேதான். பாயிண்ட் ரெண்டும் சேர்ற இடத்துல இந்தத் தாளைச் சொருகுங்க. கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவா உருட்டுங்க. தாள் எங்க நழுவுதோ, அங்கதான் பொறி அடிக்கும். பாருங்க, எவ்வளவு முன்னாடியே நழுவுது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற இந்தத் தட்டை வலப்பக்கம் ஒரு நூல் திருப்புங்க."

"வலதுன்னா உனக்கா, எனக்கா?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி, தட்டைத் தானே திருப்பி இறுக்கி, தாளை வைத்துச் சரிபார்த்தாள்.

"இப்ப மிதிங்க."

ஒரே மிதி. வண்டி பூனைக்குட்டி மாதிரி குர்குர்ரென்று ஓட ஆரம்பித்தது. கைதட்டல். டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

தலைவர் கையை உயர்த்தினார். மைக்கை வாங்கினார்.

"எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். இது ஒரு தவம். அதோ நிக்குதே என் வண்டி, அதோட இன்ஜின்ல என் விரலைத் தவிர இன்னொரு விரல் பட்டதில்லை. வீட்டுக்காரம்மாகிட்ட வேலை வாங்கிட்டு மேடையில வந்து பேரு வாங்கறது அசிங்கம். இந்த வண்டியைப் போட்டியிலேர்ந்து நீக்கறேன்."

இதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

டாக்டர் பல்லைக் கடித்தார். "உன்னை யாரு கையை வைக்கச் சொன்னது? வாயால சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாது?"

அவள் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் திணித்தாள். நாத்தனார் பக்கத்தில் திரும்பிப் போகவும் பிடிக்காமல், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கோப்பை போனது பெரிதில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட, 'அப்போ இதைச் செஞ்சது நீங்களாம்மா?' என்று கேட்கவில்லை. கண் கரித்தது.

தலைவரின் மனைவி ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீரை நீட்டினார். மேடையில் தலைவர் இன்னும் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தம்மா முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"தட்டை வலப்பக்கம் எவ்வளவும்மா திருப்பின? இவரு வண்டிக்கு நேத்து நானும் திருப்பி வெச்சேன், இன்னும் லேசா உதைக்குது."