பாறைக்கு அந்தப் பக்கம்

"எங்கே வேணா கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் மட்டும் என் படகு வராது. அங்கே ஜின் இருக்கு."

படகுக்காரர் பகீத் இப்படிச் சொன்னதும் சிரிப்பை அடக்க ரய்யா படாத பாடு பட்டாள். ஆள் ஆறடி உயரம். கொந்தளிக்கிற கடலில் சுறா பிடிக்கிறவர். இவருக்கு ஜின் பூதம் என்றால் பயமாம்.

ரய்யா மஸ்கட்டில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் முக்குளிக்கக் கற்றுக் கொடுப்பவள். பயணிகளைக் கூட்டி வர ஓர் அருமையான கடல் பார்த்துச் சொல் என்று இந்த மீனவத் தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். சொன்னால் வேலை நிரந்தரம். வந்ததிலிருந்து சுற்றியும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படவில்லை. நாளைக் காலை ஊர் திரும்ப வேண்டும்.

"அந்த ஜின்னை யாராவது பார்த்திருக்காங்களா அண்ணே?"

"பார்த்தவன் திரும்பி வந்தால்தானே சொல்லுவான். பிற்பகல் அஸர் தொழுகை முடிஞ்சப்புறம் படகு அடியில காதை வச்சா, அது அழுறது கேட்கும். எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் வலை போட மாட்டாங்க."

இந்தக் காலத்திலும் இப்படியொரு ஊரா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"சரி, இந்தப் பக்கமே நீந்துறேன். நீங்க இருங்க."

"நல்லது" என்று பகீத் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இஞ்சித் தேநீரை ஊற்றிக்கொண்டார்.

ரய்யா முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள். வேறெங்கே போவாள், நேரே பாறையைச் சுற்றித்தான் போனாள்.

போனவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவளுடைய நிழல் எங்கேயோ ஆழத்தில், வெள்ளை மணலில் விழுந்து கிடந்தது. ஊதாப் பவளங்கள். மஞ்சள் மீன்கள் மந்தை மந்தையாய் விலகி வழிவிட்டன. இத்தனை வருஷம் கடலில் கிடந்தும் இப்படியொன்றை அவள் பார்த்ததில்லை. அல்லாவே, இதல்லவா இடம் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் ஜின்களைப் பார்த்தாள்.

நீளமான பூப்போட்ட உடைகளில் தீவுப் பெண்கள். மூச்சடக்கி ஆழத்துக்குப் போவதும், மேலே வந்து சிரிப்பதுமாக இருந்தார்கள். ஒருத்தி கை நிறைய மணலோடு மேலே வந்தாள். மற்றவர்கள் தண்ணீரைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"அடிமணல் எட்டிடுச்சுடி துஃபூலுக்கு. இத்தனை வருஷம் கழிச்சு."

"யாரோ வர்றாங்கடி."

"பொம்பளைதான். வாம்மா, வா."

"அக்கா, இங்கே ஜின் இருக்குன்னு சொன்னாங்களே..." என்றாள் ரய்யா.

சிரித்த சிரிப்பில் பாதிப் பேருக்கு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

"எங்க அம்மாக்கள் கிளப்பிவிட்டது" என்றாள் துஃபூல். "என் வீட்டுக்காரர் பகீத்தைப் பாரேன், ஜின்னுன்னாலே குலை நடுங்கிடும். நாங்க விறகு பொறுக்கப் போறதா நினைச்சுட்டிருக்கார், பாவம். அந்தப் பயம் இருக்கிறதாலதான் நாங்க முகத்திரையைக் கழட்டிட்டு நீந்த முடியுது."

"அப்போ அந்த அழுகை?"

துஃபூல் அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ நடுக்கடலிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் பாட்டு வந்தது. நீண்டு, இறங்கி, மறுபடி ஏறி வந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்செலும்பில் கேட்டதுதான் அதிகம். சுற்றிலும் பெண்கள் கைகோத்து, கண்மூடி, அசையாமல் மிதந்துகொண்டிருந்தார்கள். ரய்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மேலே வந்ததும் அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று விசாரித்தார்கள். மறைக்காமல் சொன்னாள். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"நீ சொன்னா படகு படகா வந்து இறங்குவாங்க" என்றாள் துஃபூல். "அப்புறம் சட்டி கழுவத்தான் நாங்க கடலுக்கு வரணும்."

ரய்யா திரும்பிப் படகை நோக்கி நீந்தினாள்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் போயிட்டியா?" என்று கேட்டார் பகீத்.

"போனேன் அண்ணே. நீங்க சொன்னது நிஜம்தான், ஜின் இருக்கு. எங்க கம்பெனிக்கு இந்தத் தீவே வேண்டாம்."

வேலை போனால் போகட்டும் என்று மனசு எப்போதோ முடிவு செய்திருந்தது.

பகீத் தலையாட்டிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். படகு பாறையை விட்டு நன்றாக விலகி வந்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், மெல்லக் கேட்டார்.

"துஃபூலுக்கு இன்னைக்காவது அடிமணல் எட்டுச்சா?"

எட்டியது என்று ரய்யா தலையை ஆட்டினாள்.

பகீத் முகம் மலர்ந்துவிட்டது. "நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதே தங்கச்சி. இந்தத் தீவு ஆம்பளைங்க அத்தனை பேரும் ஜின்னுக்குப் பயந்தவங்களாவே இருந்துட்டுப் போறோம்."