முதல் சர்வீஸ்

"முதல் வாரம் ரெண்டு மணிக்கட்டும் கழண்டு விழுந்துடும்னு நெனச்சேன் தம்பி. குனிஞ்சு ஓட்டுற வண்டி பாருங்க, உடம்புப் பாரம் முழுக்க கையிலதான்."

தலைமை மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஸ்போர்ட்ஸ் பைக்கை முதல் சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். இவருக்கோ ஐம்பத்தைந்துக்கு மேல். காலையில் விட்டுப்போன வண்டியை எடுக்க வந்திருந்தார். போகிற வயதில் வருகிற ஆசையைப் பார் என்று நினைத்துக்கொண்டான்.

"வேற எப்படி சார் இருக்கு?"

"சிக்னல்ல நின்னா தொடை ரெண்டும் வெந்துபோகுது. பின்சீட்டு ஒரு சாண்கூட இல்ல, யாரை ஏத்தறது? ஆனா ஐயாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் ஒரு இழுப்பு இழுக்குது பாருங்க, குடல் முதுகுல ஒட்டிக்குது. பசங்க ஏன் இதுக்கு இப்படி அலையறாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது."

"வீட்ல திட்டலையா சார்?"

"வீட்டம்மா வண்டி நிக்கிற பக்கமே வர்றதில்ல."

மெக்கானிக் வாய்விட்டே சிரித்துவிட்டான். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"பிரேக்தான் தம்பி பயமா இருக்கு. நம்பலாமா?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதத்துக்கு முன் இதே மாடல் வண்டியை இங்கே சர்வீஸ் முடித்து எடுத்துப்போன ஒரு பையன், முதல் வளைவிலேயே லாரியில் மோதிச் செத்துப்போனான். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும் என்று மெக்கானிக் பயந்து கிடந்தான். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து எத்தனை நாள் சோறு இறங்கவில்லை! கடைசியில், 'பிரேக் சரி, ஓட்டிப் பார்த்தாயிற்று' என்று அவன் கையெழுத்துப் போட்டிருந்த தாள்தான் காப்பாற்றியது. பையன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் சார். தப்பெல்லாம் ஓட்டுறவங்க கிட்டதான். இந்தாங்க உங்க தாள். முன் பிரேக், பின் பிரேக், செயின், எல்லாம் செக் பண்ணியாச்சு. நானே மூணு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்களேவா?"

"என் கையால ஓட்டாம ஒரு வண்டியும் வெளிய போகாது சார்."

அவர் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மெக்கானிக்கும் சாவியோடு கூடவே வந்தான். வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, டயருக்குக்கூடப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டை, ஸ்பேனர் எதுவும் இல்லாமல் இரண்டே விரலால் திருகி வெளியே எடுத்தார். எழுந்து அதை மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தார்.

"காலையில தெருமுனையில நின்னு இதை நான்தான் தளர்த்திவிட்டேன், அப்புறம் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தேன்" என்றார். "என் மகன் வண்டியையும் இப்படித்தானே தம்பி ஓட்டிப் பார்த்தீங்க?"