குளியலறையில் ஒரு துரை

“இன்னிக்கு உங்க துரை கிளம்பியாகணும்!” என்று வெடித்தாள் மனைவி. “ஊரே ஒரு குடம் தண்ணிக்கு அலைஞ்சப்ப, அவருக்கு நம்ம குளியலறையில தொட்டி நிறையத் தண்ணி, அதுல ஐஸ் வேற! நான் மட்டும் வெட்கமில்லாம பக்கத்து வீட்டுல போய்க் குளிக்கணும்!”

“வெளியில பிழைக்க வழியில்லைன்னுதானே கூட்டிட்டு வந்தேன்?” என்று முனகினான் கணவன்.

“இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. அனுப்பிவைங்க.”

நெடுநாள் வறட்சிக்குப் பின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ஆற்றின் கரையில், அன்று மாலை அவன் வாளியை இறக்கினான். உள்ளே உடம்பெல்லாம் புள்ளியாக, ஜில்லென்ற தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் அந்தச் சீமை மீன், ட்ரவுட், வாலைச் சுழற்றியது. வழியனுப்பக் கூடவே வந்திருந்த மனைவி, இத்தனை நாள் திட்டியவளே, குனிந்து அதன் முதுகை மெல்லத் தடவினாள்.

அப்போதுதான் அவன் தோளில் தூண்டிலைப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“விட்டுட்டுப் பிடிக்கத்தான். பின்னே எதுக்கு இவ்வளவு நாள் காப்பாத்தினேன்? தொட்டியில கையை விட்டு எடுத்தா அது மீன் பிடிச்ச கணக்கா? ஓடுற ஆத்துல பிடிச்சாதான் மரியாதை!”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“வாங்க துரை, போகலாம். இனிமே இந்த மனுஷன் பக்கத்து வீட்டுல குளிக்கட்டும்.”