மஞ்சள் கம்பத்தடித் தண்ணீர்

ஏரிக்குள் ஒரு மஞ்சள் கம்பம் நின்றது. வட்டார மன்றத்து ஆட்கள் மாதம் ஒருமுறை படகில் வந்து, அதன் காலடியில்தான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோவார்கள்.

ஒருநாள் கெண்டை மீன் ஒன்று கம்பத்திடம் பதறி நீந்தி வந்தது.

"அண்ணே, தெற்கே ஆலைக் குழாயிலேர்ந்து கறுப்பா என்னமோ வருது. எங்க கூட்டத்துல பாதிப்பேர் செத்து மிதக்கிறாங்க. நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"தாராளமா இரு. என் காலடித் தண்ணியில குறைன்னு இதுவரைக்கும் ஒரு அறிக்கையும் சொன்னதில்ல" என்றது கம்பம், பெருமையாக.

கெண்டை கம்பத்தை ஒட்டியே கிடந்தது. கறுப்போ நாளுக்கு ஒரு முழம் நெருங்கி வந்தது. ஒரு விடியலில் கெண்டைக்குச் செவுள் எரிந்தது.

"அண்ணே, வந்துடுச்சு!"

"பயப்படாத. இன்னிக்கு அவங்க வர்ற நாள். ஒரு பாட்டில் பிடிச்சுப் பார்த்தாங்கன்னா குழாயை அடைச்சிடுவாங்க."

சொன்னபடியே படகு வந்தது. ஒருவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சார், இங்க பிடிச்சா ரிசல்ட் மோசமா வருமே?"

மற்றவர் ஏரியைச் சுற்றிப் பார்த்தார். வடக்கே, கரையோரமாக, தண்ணீர் இன்னும் தெளிந்து கிடந்தது. கம்பத்தைப் பிடுங்கிப் படகில் கிடத்தினார்கள்.

"என் பின்னாலேயே வந்துடு தம்பி, அங்க நல்ல தண்ணி!" என்று படகிலிருந்து கத்தியது கம்பம்.

கெண்டை உயிரைப் பிடித்துக்கொண்டு நீந்தியது.

"அண்ணே, அங்கயும் கறுப்பு வந்துட்டா? அதுக்கப்புறம் தரைதானே இருக்கு?"