வழவழப்பான மலை

"நிறுத்துடா! யாரைக் கேட்டு மலையில ஏத்தினே?"

மேலாளர் கார்லண்ட் கத்திக்கொண்டே ஓடினார். டெல்மர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஓட்டிய புல்டோசர், பின்னாலிருந்த இரும்புக் கொக்கிகளால் பச்சைப் பசேலென்ற சரிவை ஆழக் கிழித்துக்கொண்டே போய் முனையில் நின்றது.

நாள் பார்த்துத்தான் செய்திருந்தார். நிலக்கரியைத் தோண்டி எடுத்துவிட்டு, மண்ணைப் போட்டு மூடி, புல்லும் மரக்கன்றும் வைத்த கென்டக்கி மலை அது. செடிகொடி தேறிவிட்டதா என்று அளக்க அரசாங்க ஆய்வாளர் ஆர்லீன் ஃபியூகேட் அன்றைக்குத்தான் வந்திருந்தார். அவர் 'சரி' என்று எழுதிவிட்டால் நிறுவனம் மலையைக் கைகழுவிவிட்டுக் கிளம்பலாம். டெல்மரின் வேலையும் அத்தோடு முடிந்தது.

"பாத்தீங்களா மேடம்? வேலை போகுதேங்கிற வயித்தெரிச்சல். இருபது வருஷமா சம்பளம் வாங்கிட்டு, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றான்!" என்றார் கார்லண்ட்.

டெல்மர் இறங்கி வந்தார். வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார்.

"ஆமா, கிழிச்சேன். இன்னும் கிழிப்பேன். போலீசைக் கூப்பிடணும்னா கூப்பிட்டுக்குங்க."

ஆர்லீனுக்கும் கோபம் வந்துவிட்டது. "பத்து வருஷத்துப் புல்லுங்க இது! உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"புல்லை விடுங்கம்மா. மரத்தை எண்ணுங்க."

கிழிபடாத இடத்தில் ஆர்லீன் முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி வட்டம் சுற்றினார். வட்டத்துக்குள் பதினாலு ஓக் கன்றுகள். எல்லாமே உயிரோடுதான் இருந்தன, முழங்கால் உயரத்தில்.

"பதினாலு! பத்து இருந்தாலே போதுமே. எழுதிக்குங்க மேடம்," என்று கார்லண்ட் அவசரப்படுத்தினார்.

"உயிரோட இருந்தா ஆச்சா?" டெல்மர் விடவில்லை. "பத்து வருஷத்துல முழங்கால் உயரம்னா அது மரமா, தக்காளிச் செடியா?"

மண்வெட்டியை எடுத்து ஆர்லீனின் கையில் கொடுத்தார். "குத்திப் பாருங்க."

குத்தினார். கணீரென்றது. ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

"வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. தகரக் கூரையில பெய்யற மாதிரி அத்தனை மழையும் வழிஞ்சு கீழே வருது. கீழே யாரு வீடு? எங்க வீடு! போன ஜூலையில நானும் என் பெண்டாட்டியும் கூரை மேல ஏறி உக்காந்துதான் உயிர் பிழைச்சோம். நீங்க சரின்னு எழுதிட்டா இவரு லெக்சிங்டனுக்குக் கிளம்பிடுவாரு. நாங்க எங்கே போறது?"



டெல்மர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "அந்தத் துண்டை நாலு வருஷத்துக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாம கிழிச்சு விட்டேன். போய்ப் பாத்துட்டு வந்து அப்புறம் திட்டுங்க."

ஆர்லீன் போய்ப் பார்த்தார். தானாக முளைத்த பாப்ளர் மரங்கள் அவர் தலைக்கு மேலே நின்றன. மண்வெட்டி பாதிவரை இறங்கியது.

திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. படிவத்தில் பெரிதாக 'தேறவில்லை' என்று எழுதிவிட்டுக் கார்லண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அறிவு வேண்டாமா? மண்ணைப் பொலபொலன்னு விட்டிருந்தா இந்நேரம் இது காடாகியிருக்கும். சிமெண்டுத் தரை மாதிரி இப்படி இறுக்கச் சொன்ன முட்டாள் யாரு? பேரைச் சொல்லுங்க, இந்த அறிக்கையிலேயே எழுதறேன்!"

கார்லண்ட் டெல்மரைப் பார்த்தார்.

"இறுக்கினது நான்தாம்மா," என்றார் டெல்மர். "முதல்ல பொலபொலன்னுதான் விட்டிருந்தேன். வேலைக்குப் புதுசா சேர்ந்த ஆய்வாளர் ஒருத்தர் வந்தாங்க. 'மேடு பள்ளமா பாக்கவே அசிங்கமா இருக்கு. வழவழன்னு இழுத்து இறுக்கு, இல்லேன்னா அபராதம்'னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வந்தது ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் நூறு மலை பாத்திருப்பாங்க, ஞாபகம் இருக்காது."

"பேரைச் சொல்லுங்கன்னு கேட்டேன்!" ஆர்லீனின் பேனா தாளில் தயாராக நின்றது.

"உங்க சட்டையில தைச்சிருக்கே, அதேதாம்மா."