புள்ளிக்கு எதிரே புள்ளி

மாஸ்டர் வாயைத் திறந்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள்.

அதே குரல். வார்த்தைக்கு வார்த்தை தேன் ஒழுகும். நாலு வார்த்தை பேசுவதற்குள் உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை சேரும். நாக்கால் துடைத்து விழுங்கிக்கொள்வார். இத்தனை வருடத்தில் தலைதான் நரைத்திருந்தது.

பியானோ வகுப்பு என்று மட்டும்தான் கணவன் சொல்லியிருந்தான். யாருடைய வகுப்பு என்பது வந்து உட்கார்ந்த பிறகே தெரிந்தது. மகன் அவன் மடியில் இருந்தான். சுற்றிலும் பிள்ளைகளைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்கள்.

மாஸ்டரின் மகள் வாசித்துக் காட்டினாள். வலது கையில் ஒரு மெட்டு, இடது கையில் இன்னொன்று. இரண்டும் பின்னிப் பின்னிப் போயின.

“இதுக்குப் பேர் கவுண்டர்பாயிண்ட். லத்தீன்ல புங்க்தும்னா புள்ளி. அந்தக் காலத்துல சுரத்தைப் புள்ளியாத்தான் எழுதுவாங்க. புள்ளிக்கு எதிரே புள்ளி. ரெண்டு மெட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு அடிமை இல்ல. அதது அதோட வழியில போகும், ஆனா கைகோத்துக்கிட்டுப் போகும்,” என்றார் மாஸ்டர்.

கூட்டம் சொக்கிப்போனது. கணவன் அவள் காதருகே குனிந்தான். “மனுஷன் என்னமா சொல்றாரு பாத்தியா?”

அவள் வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள். துப்ப இடமில்லை.

புங்க்தும் என்ற அந்தச் சொல்லின் அடியில் இன்னொரு பொருள் உண்டு. குத்துவது. குத்திய இடத்தில் விழுவதுதான் புள்ளி. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். இன்று அந்தப் பாதியை விட்டுவிட்டார்.

யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். “இடது கை தப்பா வாசிச்சா என்ன செய்வீங்க, மாஸ்டர்?”

“செல்லமா ஒரு தட்டு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முன்னால் போய் இடது புறங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தோலுக்கடியில் சாம்பல் நிறத்தில் ஏழெட்டுப் புள்ளிகள். சீவிய பென்சில் முனை இறங்கி, கரி உள்ளேயே தங்கிவிட்ட இடங்கள். சின்ன வயதில் இவர் வகுப்பில் வாங்கியவை. மச்சம் என்று கணவனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

பின்னால் அவன் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. “என்னம்மா இது?” என்றார் அதே தேன்குரலில்.

குத்தியதைவிட அதுதான் குமட்டியது. நிஜமாகவே மறந்திருந்தார்.

மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்ப அவள் திரும்பியபோது, பியானோவின் மூடி சாத்தப்பட்டது.

மாஸ்டரின் மகள் எழுந்து வந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, தன் கையை அவள் கையை ஒட்டி நீட்டினாள்.

புள்ளிகள் முழங்கை வரை இருந்தன.